கேளு நைனா: ஓசிச் சோத்துச் செடி

போன மாசம் மொட்டை மாடித் தோட்டம் பத்தி கேட்ட ஒருத்தருக்கு பதில் எழுதுறப்போ, "செடின்னு பொறந்தா பச்சை இருக்கணும், வெயிலு படணும், வேற வழியே கெடையாது"ன்னு வீராப்பா ஒரு வரி எழுதிட்டேன். வந்துச்சு பாருங்க லெட்டரு. திருவொத்தியூர்ல ஆரம்பிச்சு எண்ணூர் வரைக்கும் ஆளாளுக்கு புடிச்சு வாங்கிட்டாங்க. அதனால இந்த மாசம் வேற கேள்வியே எடுக்கல, எல்லாம் இதைச் சுத்தித்தான்.

அண்ணாத்த, பச்சையே இல்லாத திஸ்மியான்னு ஒரு செடி பூசணத்தைத் தின்னு வாழுதுன்னு போன்ல பாத்தேன். பயாலஜி மிஸ் கிட்ட கேட்டா "அதெல்லாம் சாப்ரோஃபைட்டு, எழுதிக்கோ"ன்னுட்டாங்க. நீங்க என்னடான்னா அப்படி ஒண்ணு கெடையவே கெடையாதுன்றீங்க. யாரு சொல்றது கரெக்டு? (பிளஸ் டூ மாணவன், திருவொத்தியூர்)

போன்தான் கண்ணு கரெக்டு. நானும் தப்பு, மிஸ்ஸும் பாதி தப்பு. ஆனா அவங்க மேல கோச்சுக்காத, அவங்க படிச்ச புக்குல அப்படித்தான் இருந்திருக்கும், நான் படிச்சதுலயும் அப்படித்தான் இருந்துச்சு. சாப்ரோஃபைட்னா மக்குன குப்பையைத் தின்னுறதுன்னு அர்த்தம். காட்டுக்குள்ள மக்கிப்போன எலைக்கு நடுவுல இலையும் இல்லாம பச்சையும் இல்லாம ஒரு செடி நின்னா பாக்குறவன் வேற என்ன நெனைப்பான், குப்பையைத் தின்னுதுன்னு முடிவு கட்டிட்டாங்க, அதையே நூறு வருஷமா எழுதிட்டு வந்துட்டாங்க. குப்பையை மக்க வெச்சு உறிஞ்சுற வேலை அந்தச் செடிக்குத் தெரியவே தெரியாது, அது பூசணத்தோட வேலை.

பூசணம்னதும் ஊறுகாய் மேல பூக்குமே அதையோ, மழைக்கு மறுநாள் குடை விரிக்குமே அந்தக் காளானையோ மட்டும் நெனைக்காத. காளான் குடைன்றது மரத்துல காய்க்கிற மாங்கா மாதிரி, மரம் மொத்தமும் மண்ணுக்குள்ள முடியை விட மெல்லிசா நூல் நூலா ஓடிட்டிருக்கும். குடையே விடாம ஆயுசு பூரா நூலாவே இருக்கிற பூசணமும் உண்டு. இந்த நூலுக்கும் செடிங்க வேருக்கும் ரொம்ப பழைய கொடுக்கல் வாங்கல் இருக்கு. உலகத்துல இருக்கிற செடிங்கள்ல 80 சதவீதத்துக்குக் கொறையாம இந்த யாவாரத்துலதான் இருக்கு: வேர் போய் எட்டாத இண்டு இடுக்குல எல்லாம் நூல் பூந்து தண்ணியும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) எடுத்தாந்து குடுக்கும், பதிலுக்கு செடி வெயில்ல சமைச்ச சக்கரையில ஒரு பங்கை அதுக்குக் குடுக்கும். ரெண்டு பேருக்கும் லாபம்.

திஸ்மியா என்ன பண்ணுதுன்னா கடைக்கு வருது, சாமான் எடுத்துக்குது, காசு குடுக்காம போயிடுது. மணிச்சத்தை மட்டும் இல்ல, பூசணம் பக்கத்து மரத்துக்கிட்ட கூலியா வாங்கி வெச்சிருந்த சக்கரையையும் சேத்து எடுத்துக்குது. வேருக்குள்ள வந்த நூலு சுருண்டு முடிச்சு முடிச்சா கெடக்கும், அதை அப்படியே செரிச்சு உறிஞ்சிரும். கடைசியில பாத்தா மேல நிக்கிற பெரிய மரம் வெயில்ல நின்னு சம்பாதிச்சது, கீழ இருட்டுல ஒக்காந்திருக்கிற இந்தப் பொடிசு வயித்துக்குள்ள. சுத்தமான ஓசிச் சோறு.

இதை சும்மா யூகத்துல சொல்லல. நிரூபிச்சது திஸ்மியாவுல கிடையாது, மோனோட்ரோப்பான்னு குளிர் நாட்டுல இதே தொழில் பண்ற இன்னொரு செடியில. அது வேர் மேல பூசணம் போர்வை மாதிரி சுத்தியிருக்கிறதை 1881லயே கமியென்ஸ்கின்னு ஒரு போலந்துக்காரர் பாத்துட்டு, சோறு இது வழியாத்தான் வருதுன்னு சொன்னாரு. 1960ல ஸ்வீடன்காரர் பியோர்க்மன் அதை நிரூபிச்சே காட்டிட்டாரு. கதிரியக்கம் ஏத்தின சக்கரையை மரத்துக்குள்ள ஊசி போட்டாரு, கொஞ்ச நாள்ல அதே சக்கரை கீழ இருக்கிற மோனோட்ரோப்பாவுல வந்து நிக்குது. நோட்டுல மார்க் போட்டு குடுத்து கையும் களவுமா புடிப்பாங்கள்ல, அந்த மாதிரி.

பரிட்சைக்கு மட்டும் மிஸ் சொன்னதை எழுதிக்கோ. தலைக்குள்ள மைக்கோஹெட்டரோட்ரோஃப்னு வெச்சுக்கோ, வாய்ல நொழையலன்னா பூசணந்தின்னி.

அண்ணா, அது பாக்க எப்படித்தான் இருக்கும்? (வாசகி, புது வண்ணாரப்பேட்டை)

செடின்னே சொல்ல மாட்டீங்க. மொத்த உருவமும் பெரும்பாலும் சுண்டு விரல் ஒசரம்தான், பல இனம் அதுகூட இல்ல. இலைக்கு பதிலா செதில் மாதிரி ஒண்ணு ரெண்டு ஒட்டிட்டிருக்கும். வருஷத்துல முக்காவாசி நாள் மண்ணுக்குள்ளயே கெடக்கும், வேரு சிலதுல புழு மாதிரி, சிலதுல பவழம் மாதிரி. மழைக்காலத்துல கொஞ்ச நாள் மட்டும் பூவை வெளிய நீட்டும், அந்தப் பூவுதான் எல்லாமே. சின்ன கண்ணாடி கூஜா ஒண்ணை கவுக்காம நிமுத்தி வெச்சு, அது வாய் மேல சில இனத்துல குல்லா மாதிரி மூடி, சில இனத்துல நீள நீளமா மூணு மீசை. நெறம் ஆரஞ்சு, வெள்ளை, மஞ்சள், தண்ணி நீலம்னு இனத்துக்கு இனம் மாறும். இங்கிலீஷ்காரங்க தேவதை லாந்தர்னு பேரு வெச்சிருக்காங்க, எனக்கென்னவோ அகல் வெளக்கு மாதிரிதான் தெரியுது. பூ முடிஞ்சதும் காய் ஒரு கிண்ணம் மாதிரி தொறந்துக்கும், உள்ள தூசி மாதிரி வெதை, மழைத்துளி சொட்டுன்னு விழுந்தா வெதை தெறிச்சு வெளிய போகும். 100 இனத்துக்கு மேல, ஆசியா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கான்னு ஈரக் காடு இருக்கிற எடமா பாத்து இருக்கு, நம்ம கேரளா பக்கம் மலையிலயும் இருக்கு.

தம்பி, நாங்க பர்மாவுல இருந்து 60கள்ல கப்பல் ஏறி வந்த குடும்பம். இந்தச் செடியை மொத மொத பர்மாவுலதான் கண்டுபுடிச்சாங்கன்னு பேரன் சொல்றான், நெசந்தானா? (பெரியவர், வியாசர்பாடி)

நெசந்தான் ஐயா. அதுல நம்ம மெட்ராஸுக்கும் ஒரு துண்டு பங்கு இருக்கு.

வில்லியம் கிரிஃபித்னு ஒரு டாக்டரு. கம்பெனி சர்க்கார்ல அசிஸ்டென்ட் சர்ஜன் வேலைக்கு 1832ல மெட்ராஸ் வந்து எறங்குனாரு, வயசு 22. அப்ப ஹார்பரே கெடையாது, கப்பல் தூரத்துல நிக்கும், வெள்ளக்காரனா இருந்தாலும் மசூலாப் படகுல ஏறி அலையில நனைஞ்சுதான் கரைக்கு வரணும், நம்மாளு துடுப்பு போட்டாத்தான் அவரு கால் மண்ணுல படும். பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா நூடுல்ஸ் அத்தோ சாப்பிட நிக்கிறப்போ இதை நெனைச்சுக்குவேன். அங்கருந்து அவரை பர்மா தென்கரை தெனாசரிமுக்கு அனுப்பிட்டாங்க, வைத்தியத்தை விட செடி புடுங்குறதுலதான் மனுஷனுக்கு ஆசை. அங்க கெடைச்சதுதான் இது. 1844ல உலகத்துக்குச் சொன்னாரு, அடுத்த வருஷமே மலாக்காவுல செத்துட்டாரு, 34 வயசுதான்.

பேரு விஷயம் கேளுங்க. மைக்ராஸ்கோப்புல கில்லாடியான தாமஸ் ஸ்மித்னு ஒருத்தர் இருந்தாரு, அவரு பேரை வெக்க ஆசை. ஸ்மித்தியான்னு வெச்சிரலாம்னா அந்தப் பேரு ஏற்கனவே வேற ஒரு செடிக்கு போயிடுச்சு. மனுஷன் எழுத்தை இடம் மாத்திப் போட்டு திஸ்மியான்னு ஆக்கிட்டாரு. அந்த மொத இனத்தோட முழுப்பேரு திஸ்மியா புருனோனிஸ், அந்த புருனோ ராபர்ட் பிரௌன், ஸ்கூல்ல பிரௌனியன் இயக்கம்னு படிப்பாங்களே அதே பிரௌன். பேரன் கிட்ட சொல்லுங்க, ரெண்டு மார்க் கேள்விக்கு ஒதவும்.

இதெல்லாம் மலை, காடு இருக்கிறவங்களுக்கு. சாம்பல் குட்டை, கம்பெனி புகை, லாரின்னு இருக்கிற எங்க ஊர்ல இந்த மாதிரி ஒண்ணு எங்க வந்து மொளைக்கப் போகுது, இதை எதுக்கு எங்களுக்கு எழுதுறீங்க? (வாசகர், எண்ணூர்)

கோவம் நியாயம்தான் அண்ணே. ஆனா இந்தக் கேள்விக்குத்தான் நான் பெருசா எழுதப் போறேன், ஏன்னா இந்தச் செடியோட பெரிய கதையே உங்க ஊரு மாதிரி ஒரு எடத்துலதான் நடந்துச்சு.

அமெரிக்காவுல சிகாகோ. அந்த ஊருக்கும் ஒரு எண்ணூர் இருக்கு, தென்கிழக்கு மூலையில கேலுமெட்னு ஒரு ஏரி, அதைச் சுத்தி சதுப்பு, அதுக்கு மேல ஸ்டீல் மில்லு, ரயில் லைன், அப்புறம் குப்பை மேடு. 1912 ஆகஸ்ட்ல நார்மா ஃபைஃபர்னு ஒரு பொண்ணு, சிகாகோ யூனிவர்சிட்டியில படிச்சிட்டிருந்தவங்க, அந்த ஏரி பக்கம் ஈரப் புல்வெளியில புல்லை வெலக்கிப் பாக்குறாங்க, பாசிக்கு நடுவுல சுண்டு விரல் நகம் அளவுக்கு வெள்ளையா ஒரு பூவு, ஓரத்துல நீலப்பச்சை சாயல். பாத்தா திஸ்மியா! வெப்பக் காட்டுல இருக்க வேண்டியது, குளிர்காலத்துல ஐஸ் கொட்டுற ஊர்ல, அதுவும் புல்வெளியில, மரம்கூட இல்லாத எடத்துல. அதை வெச்சே டாக்டர் பட்டம் வாங்கிட்டாங்க, திஸ்மியா அமெரிக்கானான்னு பேரும் வெச்சாங்க. 1916 வரைக்கும் அந்த எடத்துல பாத்திருக்காங்க.

அவ்ளோதான். அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் ஒருத்தர் கண்ணுலயும் படல. அந்த எடம் ஃபேக்டரிக்கு போயிடுச்சு. 1990கள்ல இருந்து ஆளுங்க கூட்டம் சேத்துக்கிட்டு மண்டி போட்டு, வயித்தால படுத்து, சுத்துவட்டாரம் முழுக்க அலசிப் பாத்தாச்சு. மியூசியத்துல பத்திரப்படுத்தி வெச்ச செடிங்கதான் மிச்சம். வேற எந்த ஊர்லயும் அது கெடைச்சதே இல்ல.

ஜப்பான்ல கோபே கதை இன்னும் எரிச்சல். 1992ல ஒரே ஒரு செடி கெடைச்சுது. 1999ல அந்த எடத்துல தொழிற்பேட்டை கட்டிட்டாங்க. 2010ல அழிஞ்சு போச்சுன்னு அறிவிச்சாங்க. அந்த ஒத்தைச் செடியை வெச்சு 2018ல திஸ்மியா கோபென்சிஸ்னு பேரு வெச்சாங்க, அதாவது காரியம் முடிஞ்சு எட்டு வருஷம் கழிச்சு பேர் சூட்டு விழா. அப்புறம் பாத்தா 2021ல 30 கிலோமீட்டர் தள்ளி சாண்டான்னு ஒரு ஊரு, அங்க மனுஷன் நட்ட ஊசியிலை மரத் தோப்புக்குள்ள இருபது செடிக்குப் பக்கமா நிக்குது. சுவெட்சுகுன்னு ஒரு புரொஃபசர் டீம் 2023ல எழுதுனாங்க, சிகாகோ செடிக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் இதுவாத்தான் இருக்கும்னும் அதுலயே சொல்லியிருக்காங்க.

போர்னியோவுல இதை விட லேட்டு. பெக்காரின்னு ஒரு இத்தாலிக்காரர் 1866ல சரவாக் மலையில திஸ்மியா நெப்டியூனிஸ்னு ஒண்ணை பாத்து படம் வரைஞ்சு வெச்சாரு, அடுத்து மனுஷன் கண்ணுல பட்டது 2017ல, 151 வருஷம். (சுமத்ராவுல ஆள் ஒசரத்துக்கு மேல வளர்ற, பிணவாடை அடிக்கிற அந்த ராட்சசப் பூவையும் வெளிய கொண்டாந்தது இதே பெக்காரிதான், அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம சேனைக்கிழங்குக்கு பெரியப்பா பையன்.)

அதனால எண்ணூர்ல திஸ்மியா கெடைக்கும்னு நான் சொல்ல வரல, உப்புத் தண்ணியிலயும் மணல்லயும் அது வராது, நீங்க போய் கழிமுகத்துல தேடாதீங்க. ஆனா "இந்த எடத்துல என்ன பெருசா இருந்துரப் போகுது"ன்னு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டுட்டு மண்ணைக் கொட்டுறாங்க பாருங்க, கேலுமெட்லயும் கோபேலயும் அதே மாதிரி பேப்பர்லதான் எழுதியிருப்பாங்க. நீங்க கேட்ட கேள்வியும் அதே வரிதான் அண்ணே, அதனாலதான் சுருக்குனு பட்டுச்சு.

போன வருஷம் நீங்க சொல்லித்தான் வேம் பாக்கெட் வாங்கி கத்திரிக்காய் தொட்டியில போட்டேன். பூசணம் செடிக்கு நல்லதுன்னீங்க. இப்ப செடி பூசணத்தைத் தின்னுதுன்றீங்க. என் கத்திரிக்காய் யாரைத் தின்னுது? (மாடித்தோட்டக்காரர், பெரம்பூர்)

சூப்பர் கேள்வி. வேம்ன்னா வேர் உட்பூசணம், கத்திரிக்காய் ஒழுங்கா காசு குடுத்து சாமான் வாங்குற கஸ்டமர், கவலைப்படாதீங்க. திஸ்மியா ஏமாத்துறதும் இதே வகையறா பூசணத்தைத்தான், அது குடை விடாது, அதனால மேல இருந்து பாத்தா யாரு யாரைத் தின்னுறான்னு ஒண்ணும் தெரியாது.

இந்தப் பூசணத்தை வேருக்குள்ள நான் ஒருவாட்டி பாத்திருக்கேன். காலேஜ்ல படிக்கிறப்போ (எந்த காலேஜ்னு கேக்காதீங்க, இருந்த நாலு மைக்ராஸ்கோப்புல ரெண்டுக்கு லென்சே கெடையாது) லேப் அட்டெண்டர் அண்ணன் ஒருத்தர் சோள வேரை கொஞ்சூண்டு நறுக்கி காரத்துல வேக வெச்சாரு, அது கண்ணாடி மாதிரி வெளுத்துப் போச்சு, கழுவி ஆசிட்ல ஒரு முக்கு, அப்புறம் நீலச் சாயத்துல ஊற வெச்சு ஸ்லைடுல அமுக்கி "வந்து பாருடா"ன்னாரு. வேரு செங்கல் அடுக்கின மாதிரி கட்டம் கட்டமா தெரியுது, அந்தக் கட்டத்துக்கு நடுவுல நீல நூலு சந்து சந்தா பூந்து போகுது, சில கட்டத்துக்குள்ள நொழைஞ்சு கிளை விட்டு கிளை விட்டு குட்டியா ஒரு மரமே நிக்குது. சரக்கு கைமாறுற எடம் அதுதான், மணிச்சத்து இந்தப் பக்கம், சக்கரை அந்தப் பக்கம். எவ்ளோ நேரம் பாத்துட்டிருந்தேன்னு தெரியல, பின்னாடி நின்னவன் முதுகுல குத்துனான். கையில பட்ட சாயம் ரெண்டு நாள் போகல, அம்மா என்னவோ மையில கைய விட்டுட்டு வந்திருக்கான்னு திட்டுனாங்க.

ஒரு விஷயம், தொட்டிக்கு சூப்பர் பாஸ்பேட், டிஏபின்னு அள்ளிக் கொட்டினா வேம் போட்டது வேஸ்ட். மணிச்சத்து கையிலயே இருக்குறப்போ செடி எதுக்கு பூசணத்துக்கு சக்கரை குடுத்து கடைக்குப் போகும்?

புல்லுருவி, கொத்தான் எல்லாம் இந்தச் சாதிதானா? (வாசகர், ராயபுரம்)

இல்ல. வேப்பமரக் கெளையில ஒட்டியிருக்கே புல்லுருவி, அது பச்சை இலையோடதான் இருக்கும், சக்கரையை தானே சமைச்சுக்கும், தண்ணியையும் உப்புச்சத்தையும் மட்டும் மரத்துக்குள்ள குழாய் போட்டு உறிஞ்சும். பீச் மணல்ல புதரு மேல மஞ்சள் நூலு சிக்குப் புடிச்ச மாதிரி படர்ந்திருக்குமே கொத்தான், அதுவும் நேரா செடியில வாய் வெக்கிறதுதான். இவங்க எல்லாம் வீடு பூந்து திருடுறவங்க. திஸ்மியா மரத்தைத் தொடவே தொடாது, நடுவுல இருக்கிற ஆளை ஏமாத்தி வாங்கிக்கும்.

ஆன்லைன்ல இந்த வெள்ளைச் செடிங்க வெதைன்னு ஒரு பாக்கெட் 300 ரூவா போட்டிருக்கான். வாங்கலாமா? (வாசகி, தண்டையார்பேட்டை)

வாங்காதீங்கம்மா. வெதை தூசி மாதிரி, உள்ள தின்ன ஒண்ணுமே கெடையாது, சரியான பூசணம் வந்து ஊட்டினாத்தான் மொளைக்கவே மொளைக்கும். அந்தப் பூசணம் உசுரோட இருக்கணும்னா அதுக்கு சோறு போட ஒரு மரமோ புல்லோ கூடவே இருக்கணும். மூணு பேரையும் ஒரே தொட்டியில குடித்தனம் வெக்கிறது உங்களாலயும் ஆகாது, அந்த 300 ரூவா காரனாலயும் ஆகாது. ஆர்க்கிட் வெதையும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஆனா அது வளந்ததும் பெரும்பாலும் பச்சை விட்டு சொந்தக் கால்ல நிக்கும். அதனால ஆசையா இருந்தா நர்சரியில ஒரு ஆர்க்கிட் செடியா வாங்குங்க, வெதையா வேணாம்.

அண்ணா, எங்க வீட்டு துளசித் தொட்டியில மழை விட்டதும் மஞ்சள் கலர்ல குட்டி குட்டியா காளான் வருது. துளசியைத் தின்னுடுமோன்னு மாமியாருக்கு பயம், இல்ல துளசி அதைத் தின்னுதுன்னு என் பையன் உங்க பத்திரிகையைப் படிச்சிட்டு சொல்றான். (மீன் யாவாரம் பண்றவங்க, காசிமேடு)

மாமியாரும் தப்பு, பையனும் தப்பு. அது தென்னை நார்க்கழிவு, மக்குன எரு கலந்த தொட்டியில வர்ற மஞ்சள் குடைக்காளான், எருவுல இருக்கிற மக்கலைத் தின்னுட்டு ரெண்டு நாள்ல சுருங்கிப் போயிடும், துளசி வேரு பக்கம் போகவே போகாது. நிஜமான சாப்ரோஃபைட்டு இதுதான், திருவொத்தியூர் தம்பி வேணும்னா இதை நோட்டுல எழுதிக்கட்டும். ஆனா அழகா இருக்கேன்னு சாம்பாருல போட்டுடாதீங்க, வயித்தைக் கலக்கி எடுத்துடும். வீட்ல தவழ்ற கொழந்தை இருந்தா, மொளைச்ச அன்னிக்கே கிள்ளி காயிதத்துல சுருட்டி குப்பையில போட்டுட்டு கைய கழுவிக்கோங்க.